சிஇஓ (மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்) நல்லா வேலை பாக்குறாரா இல்லையான்னு எதை வெச்சுங்க முடிவு பண்றாங்க?

தையல்மெஷின் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் டீச்சரும் இல்ல ஆபீசரும் இல்ல, வீட்டுலயே தையல் கடை வெச்சிருக்கேன், பொண்ணு இங்க அரசு மேல்நிலைப் பள்ளியில ஒம்பதாவது படிக்கிறா. 2024ல பள்ளி மேலாண்மைக் குழுவ மறுபடி அமைச்சாங்கல்ல அப்ப யாருமே முன்ன வரலைன்னு என்னைய தலைவரா போட்டு விட்டுட்டாங்க. மாவட்டம் பேரு, ஸ்கூல் பேரு எதுவும் சொல்லல, கேக்காதீங்க.

விஷயம் என்னன்னா போன மாசம் சிஇஓ விசிட்னு சொன்னாங்க. பொம்பளப் புள்ளைங்க பாத்ரூமுக்கு தண்ணி வரலைன்னு நாங்க எட்டு மாசமா தீர்மானம் போட்டு போட்டு குடுத்துட்டு இருந்தோம், விசிட்னு சொன்ன ரெண்டே நாள்ல பைப்பு போட்டு டேங்க் கழுவி சுண்ணாம்பு அடிச்சு எல்லாம் முடிஞ்சிருச்சு. சந்தோசம்தான், ஆனா கோவமும் வருதுல்ல. அவரு வந்தாரு, மொத்தமா இருவது நிமிசம் இருந்திருப்பாரு, ஆறாவதுல முன்னாடி பெஞ்சு புள்ளைய எந்திரிக்கச் சொல்லி ஒரு பாரா வாசிக்கச் சொன்னாரு, நோட்டு நாலு பாத்தாரு, போட்டோ எடுத்தாங்க, போயிட்டாரு. தப்பா ஒண்ணும் பேசல, தன்மையாத்தான் பேசுனாரு. அப்புறம் ஹெச்எம் சார்ட்ட கேட்டேன், ஏன் சார் நம்ம ஸ்கூலுக்கு திடீர்னு வந்தாங்கன்னு. போன வருசம் பத்தாவது ரிசல்ட்டு நாலு சதவீதம் இறங்கிருச்சும்மா அதான் லிஸ்ட்ல வந்துட்டோம்னாரு.

எனக்கு கேள்வி இதான். எங்க ஹெச்எம்முக்கு ரிசல்ட்டு வெச்சு மார்க்கு போடுறாங்க சரி. அந்த சிஇஓவுக்கு யாரு மார்க்கு போடுறா, எதை வெச்சு போடுறா? நான் தலைவரானதுல இருந்து இவரு மூணாவது ஆளு, நடுவுல ஒருத்தரு பொறுப்புன்னு அஞ்சு மாசம் இருந்தாரு. நாலு மாசம் முன்னாடி வந்தவரு காலத்துல ரிசல்ட்டு ஏறுனா அது அவரு செஞ்சதா, இல்ல போனவரு செஞ்சதா, இல்ல யாருமே செய்யலையா. அவருக்கும் மேல இயக்குநர், செயலர்லாம் இருக்காங்களே அவங்களுக்கு?

கட்சி சண்ட வேணாங்க, எந்த ஆட்சில நடந்துச்சுன்னு ஆரம்பிச்சிராதீங்க. உள்ள இருக்கவங்க யாராவது வெவரமா சொன்னா நல்லா இருக்கும்.


ஆல்இன்ஆல் எழுதியது:

எல்லாம் ஒரே குட்டையில ஊறுன மட்டைங்க. நீங்க பாத்ரூம்ல தண்ணி வந்துச்சுல்ல, அதோட சந்தோசமா இருங்க.


பழைய_கரும்பலகை எழுதியது:

அம்மா, நான் உயர்நிலைப் பள்ளி தலைமையாசிரியரா இருந்து ரிட்டையர் ஆனவன், மொத்தம் 33 வருச சர்வீஸ். மேல உள்ள தம்பி சொல்றத விடுங்க, மட்டைன்னு சொல்றது ஈசி.

ரிசல்ட் வந்த உடனே ஒரு மீட்டிங் நடக்கும், தேர்ச்சி பகுப்பாய்வுக் கூட்டம்னு பேரு. பெரும்பாலும் டவுன்ல ஏதாவது மெட்ரிக் ஸ்கூல் ஆடிட்டோரியமா இருக்கும், நம்ம அரசுப் பள்ளில அவ்வளவு பெரிய ஹால் ஏது. அங்க பாடவாரியா, பள்ளிவாரியா பேப்பர் அடிச்சு வெச்சிருப்பாங்க. மாவட்ட சராசரிக்கு கீழ இருக்க ஸ்கூல் ஹெச்எம் எல்லாம் எந்திரிச்சு நிக்கணும். மைக்கு வரும். ஏன் குறைஞ்சுச்சுன்னு சொல்லணும். நான் ஒரு வருசம் நின்னேன், ரிட்டையர் ஆக ரெண்டு மாசம் இருந்த ஒரு அம்மா எனக்குப் பக்கத்துல நின்னாங்க, அவங்க ஸ்கூல்ல கணக்கு பாடத்துக்கு வருசம் முழுக்க ஆளே இல்ல, அதைச் சொல்ல வாயத் தொறந்தாங்க, "காரணம் சொல்லாதீங்க, வர்ற வருசம் எத்தன பர்சென்ட் குடுப்பீங்க அத மட்டும் சொல்லுங்க"ன்னு மேடைல இருந்து வந்துச்சு. வர்ற வருசம் அவங்க சர்வீஸ்லயே இருக்க மாட்டாங்க. தொண்ணூத்தஞ்சுன்னு சொல்லிட்டு உக்காந்துட்டாங்க. எழுதியும் குடுத்தாங்க.

அப்புறம் 17ஏ. ஒழுங்கு நடவடிக்கை விதில அது ஒரு பிரிவு, சின்ன தண்டனைக்கானது, 17பி ன்னா பெருசு. ரிசல்ட் குறைஞ்சா விளக்கம் கேட்டு ஒரு கடுதாசி, சில பேருக்கு 17ஏ. பேனல்ல, அதான் பதவி உயர்வு பட்டியல்ல, பேரு வர்ற நேரத்துல 17ஏ நிலுவைல இருந்தா பிரமோஷன் போச்சு. இது ஒரு வாத்தியாருக்கு எப்பேர்ப்பட்ட பயம்னு வெளில இருக்கவங்களுக்கு புரியாது.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். அந்த மீட்டிங் முடிஞ்சு வீட்டுக்குப் போற ஹெச்எம் என்ன செய்வாரு? ஒழுங்கானவரு ஜூன்லயே ஸ்பெஷல் கிளாஸ் ஆரம்பிப்பாரு, மெல்லக் கற்கும் மாணவர்னு லிஸ்ட் போட்டு, மினிமம் மெட்டீரியல் ஜெராக்ஸ் எடுத்து, ரெண்டு மார்க் கேள்வி மனப்பாடம், மேப்ல மார்க் குறி, பாஸ் ஆக எது போதுமோ அது. அதையும் தாண்டி இன்னொரு வேலை இருக்கு, அத யாரும் மீட்டிங்ல சொல்ல மாட்டாங்க. ஒம்பதாவதுல காலாண்டு முடிஞ்ச உடனே தேறாதுன்னு தெரியிற பசங்க அப்பா அம்மாவ கூப்புட்டு, "ஐடிஐ சேத்து விடுங்க, தனித்தேர்வரா எழுதட்டும், இங்க இருந்தா ஃபெயில் ஆயிருவான், அவமானம்"னு தன்மையா பேசி டிசிய குடுக்குறது. நூறு சதவீதம்னு பிளக்ஸ் வெச்சிருக்க எல்லா ஸ்கூல்லயும் இப்படின்னு சொல்ல மாட்டேன், உண்மையா உழைச்சு வாங்குன ஸ்கூல் எனக்குத் தெரியும். ஆனா நடக்குது.

நானும் செஞ்சிருக்கேன். ரெண்டு பசங்க. அதுல ஒருத்தன பல வருசம் கழிச்சு எலக்‌ஷன் டூட்டிக்குப் போன பூத்துல பாத்தேன், ஏதோ ஒரு கட்சி ஏஜென்ட்டா உக்காந்திருந்தான், "சார் டீ சொல்லவா"ன்னான். எனக்குத்தான் மூஞ்சி பாக்க முடியல.

மேல ஒரு நம்பர கேட்டா கீழ இருந்து அந்த நம்பர் வரும்மா. அது எப்படி வந்துச்சுன்னு கேக்குற சிஇஓ நல்ல சிஇஓ. நான் பாத்ததுல ஒரே ஒருத்தரு அப்படி. வந்த முதல் மீட்டிங்லயே, ரிசல்ட் பேப்பர கவுத்து வெச்சுட்டு, "கணக்கு, சயின்ஸ், இங்கிலீசுக்கு ஆள் இல்லாத ஸ்கூல் எல்லாம் கை தூக்குங்க"ன்னாரு. அன்னிக்கு மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூட போகாம உபரி இருக்க ஸ்கூல்ல இருந்து மாற்றுப்பணி ஆர்டர் போட்டு முடிச்சாரு, பிஏவும் கண்காணிப்பாளரும் பக்கத்துலயே கம்ப்யூட்டர வெச்சு அடிச்சுக் குடுத்தாங்க. அந்த வருசம் மாவட்ட ரிசல்ட் பெருசா ஏறல. பதினோரு மாசத்துல அவர மாத்திட்டாங்க.


சாக்பீஸ்_தூசி எழுதியது:

ஐயா சொன்னதுக்கு மேல நான் கொஞ்சம் சேக்குறேன், நான் ஆசிரியர் பயிற்றுநர், அதாவது பிஆர்டிஇ. எங்களுக்கு ஸ்கூலும் இல்ல ஆபீசும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல பைக்குல சுத்துற ஜாதி.

மேடம் எதை வெச்சு மார்க்கு போடுறாங்கன்னு கேட்டாங்கள்ல, இப்ப ரிசல்ட் மட்டும் இல்ல, எமிஸ், அதாவது ஸ்கூல் விவரம் எல்லாம் ஏத்துற கம்ப்யூட்டர் பதிவு. குழந்தை வந்துச்சா, வாத்தியார் வந்தாரா, சாப்ட்டுச்சா, ஹெல்த் செக்கப் ஆச்சா, ஹைடெக் லேப்ல டெஸ்ட் எழுதுச்சா எல்லாமே ஆப்ல ஏறும், அது மாவட்டவாரியா டேஷ்போர்டுல கலர் கலரா வரும். காலைல பத்தேகாலுக்கு குரூப்ல ஸ்கிரீன்ஷாட் வந்துரும், இந்த ஒன்றியம் 97, இந்த ஒன்றியம் 82, பிஇஓக்கள், அதான் வட்டாரக் கல்வி அலுவலர்கள், உடனடியா நடவடிக்கைன்னு. பிஇஓ எங்களுக்கு போன் பண்ணுவாரு, நாங்க ஹெச்எம்முக்கு போன் பண்ணுவோம், ஹெச்எம் பாடம் நடத்திட்டு இருக்க டீச்சர கூப்புட்டு சர்வர் சுத்திக்கிட்டு இருக்குன்னாலும் பரவால்ல போடுங்கம்மாம்பாரு. பத்தே முக்காலுக்கு எல்லாரும் 99. சிஇஓ பெர்ஃபாமன்ஸ் சூப்பர். இதுல புள்ளைக்கு என்ன நடந்துச்சு?

இது சும்மா புலம்பல்னு நெனைக்காதீங்க, இதுக்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கு. 2023 மார்ச் 13, பிளஸ் டூ தமிழ் பரிட்சை. அன்னிக்கு வரல, ஆப்சென்ட், 50 ஆயிரத்துக்கும் மேல. ஒரே நாள்ல. டிவி பூரா அதான், மந்திரி உடனே எல்லா சிஇஓவயும் வெச்சு கூட்டம் போட்டாரு. கொரோனா சமயத்துலயே ஸ்கூல விட்டு போன புள்ளைங்க நெறைய, வேலைக்குப் போயிருச்சு, சிலதுக்கு கல்யாணமே ஆயிருச்சு, ஆனா பேரு பதிவேட்டுல ஓடிக்கிட்டே இருந்துச்சு, அப்படியே பரிட்சை லிஸ்டுக்கும் போயிருச்சு. அந்த ரெண்டு வருசத்துல எத்தன ஆய்வுக் கூட்டம் நடந்திருக்கும், எத்தன எக்செல் ஷீட் போயிருக்கும்னு நெனச்சுப் பாருங்க. இடைநின்றவங்க கணக்கெடுப்பு கூட வருசா வருசம் நாங்களே போய் எடுக்குறோம். யாருக்கும் தெரியாம இல்ல, கிளாஸ் டீச்சருக்கு நல்லாவே தெரியும் அந்தப் பொண்ணு வர்றதில்லன்னு. மேல சொன்னா "ஏன் வரல, போய் கூட்டிட்டு வா"ன்னு நமக்கே திரும்பி வரும், அதனால சொல்லல. அவ்வளவுதான் காரணம்.

சின்ன வகுப்பு புள்ளைங்களுக்கு வாசிக்க, கணக்கு போட சொல்லித் தர்ற எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தப்ப, 2022ல, டீச்சர் போடுற மதிப்பீடு ஆப்ல ஏறும். அடுத்த வருசம் அது சரியான்னு பாக்க பிஎட் படிக்கிற பசங்கள அனுப்பி டெஸ்ட் பண்ணாங்க, சங்கம் எல்லாம் எதுத்துச்சு, நேத்து வந்த பசங்க எங்கள சோதிக்கிறதான்னு. அந்தக் கோவத்துல ஞாயம் இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா வெளில இருந்து ஒரு ஆளு வந்து அளக்குறது தேவைன்னும் எனக்குத் தோணுது, ஏன்னா நாங்க போடுற நம்பர நாங்களே நம்புறதில்ல. 2025 பிப்ரவரில நடந்த எஸ்எல்ஏஎஸ், அதான் மாநில அளவிலான அடைவுத் தேர்வு, மூணு அஞ்சு எட்டாம் வகுப்புக்கு, அது ஓரளவு அப்படி. அதுல வர்ற நிலைமைக்கும் எங்க ஆப்ல இருக்க நிலைமைக்கும் உள்ள வித்தியாசத்த எந்த சிஇஓ உக்காந்து பாக்குறாரோ அவருக்குத்தான் நான் மார்க்கு போடுவேன். என் மார்க்க யாரு கேக்குறா, அது வேற.

பி.கு. ஆசிரியர்கள எமிஸ் வேலைல இருந்து எடுத்தாச்சு, லேப்புக்கு தனி ஆள் போட்டாச்சுன்னு ஒருத்தர் கண்டிப்பா வந்து சொல்வீங்க. வேலை கொறஞ்சிருக்கு, உண்மை. முழுசா போகல.


அ3_செக்‌ஷன் எழுதியது:

ரெண்டு பேரும் நல்லா எழுதிருக்கீங்க, ஆனா சிஇஓவ என்னமோ மேடைல உக்காந்து மெரட்டுற ஆளாவே காட்டுறீங்க. நான் ஒரு சிஇஓ ஆபீஸ்ல வேலை பாக்குறவன், எங்கன்னு சொல்ல மாட்டேன். ஏழு சிஇஓக்கள பாத்துட்டேன். அவரு ஒரு வாரத்த சொல்றேன் கேளுங்க.

திங்கட்கிழமைன்னா கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர் கூட்டம், காலைல பூரா அங்க. வந்த மனு எல்லாம் நம்ம செக்‌ஷனுக்கு. முதல்வர் தனிப்பிரிவு மனு வேற, அதுக்கு நாள் கணக்கு இருக்கு. செவ்வாய் சென்னைல இருந்து வீடியோ கான்பரன்ஸ். புதன் ஏதோ ஒரு கோர்ட் கேஸ், பதவி உயர்வு கேட்டோ இன்க்ரிமென்ட் கேட்டோ டீச்சர் போட்ட வழக்குல உத்தரவ நிறைவேத்தலைன்னு அவமதிப்பு நோட்டீஸ், மதுரை ஹைகோர்ட் கிளைக்கு ஓடணும், அங்க நீதிபதி முன்னாடி நிக்கிறதும் இவருதான். வியாழன் மந்திரி வர்றாரு, சைக்கிள் வழங்கும் விழா. வெள்ளி பணி நிரவல் (உபரி ஆசிரியர்கள வேற ஸ்கூலுக்கு மாத்துறது) கலந்தாய்வு இல்லைன்னா ஆடிட். நடுவுல எங்கயாவது ஸ்கூல் சுவர் இடிஞ்சு விழுந்தா மொத சஸ்பென்ஷன் யாருக்குன்னு பேச்சு ஆரம்பிச்சிரும். இதுல ஸ்கூலுக்குப் போய் இருவது நிமிசம் இருந்தாருன்னா, மேடம், எங்க கணக்குல அது நீண்ட விசிட்டு.

யாரு மார்க்கு போடுறாங்கன்னு கேட்டீங்க. பேப்பர்ல பாத்தா முறை இருக்கு. ஐஏஎஸ்காரங்களுக்கு 2007 விதிப்படி வருசா வருசம் செயல்திறன் மதிப்பீட்டு அறிக்கை, மொதல்ல அவங்களே என்ன செஞ்சோம்னு எழுதணும், அப்புறம் மேலதிகாரி ஒண்ணுல இருந்து பத்துக்குள்ள போடுவாரு, அதுக்கு மேல ஒருத்தர் சரிபாப்பாரு, இன்னொருத்தர் ஏத்துக்குவாரு. சிஇஓக்கள் ஐஏஎஸ் இல்ல, துறை ஆளுங்க. தலைமையாசிரியரா இருந்து பதவி உயர்வுல மேல வந்தவங்க உண்டு, டிஎன்பிஎஸ்சி குரூப் 1சி எழுதி நேரா டிஇஓவா (மாவட்டக் கல்வி அலுவலரா) வந்து ஏறுனவங்களும் உண்டு. ரெண்டு வகைக்கும் உள்ளுக்குள்ள ஒரு உரசல் இருக்கும், அது தனி கதை. இவங்க மேல போறது வர்றது பெரும்பாலும் சீனியாரிட்டி பேனல். நல்லா வேலை செஞ்சாருன்னு யாரும் சீக்கிரம் மேல போனத நான் பாக்கல, சரியா செய்யலைன்னா வேற மாவட்டத்துக்கோ டம்மி போஸ்டுக்கோ மாறுதல். அதுவும் சரியா செய்யாததுக்கா இல்ல வேற காரணத்துக்கான்னு கேட்டா நான் டீ குடிக்கப் போறேன்.

மத்திய அரசு ஒரு அளவுகோல் வெச்சிருக்கு, மாவட்டத்துக்கான செயல்திறன் தரவரிசைக் குறியீடு, பிஜிஐ டி ம்பாங்க. அது வந்தப்ப 83 அம்சம், மொத்தம் 600 மார்க், அதுல விளைவுகளுக்குன்னே 290. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அது வர்றப்ப ஒண்ணு ரெண்டு வருசம் பழைய கணக்கா இருக்கும், 2018-19க்கும் 2019-20க்கும் உள்ளது வெளிய வந்ததே 2022லதான். அதுக்குள்ள சிஇஓ ரெண்டு மாவட்டம் மாறியிருப்பாரு. மார்க்கு யாருக்குப் போகும்?

இன்னொண்ணு, சேர்ல உக்காந்தவர மட்டும் பாக்காதீங்க, அந்தச் சேரையே எத்தன தரம் மாத்தி செஞ்சாங்கன்னு பாருங்க. 2018ல அரசாணை 101, மாவட்டத் தொடக்கக் கல்வி அலுவலர் பதவியெல்லாம் எடுத்து எல்லாத்தையும் சிஇஓ தலைல வெச்சாங்க, தொடக்கப் பள்ளில இருந்து மெட்ரிக் வரைக்கும். ஒரு மனுசன் ஆயிரத்துக்கும் மேல ஸ்கூல எப்படி பாப்பான்? பாக்க முடியலைன்னுதான் 2022ல அரசாணை 151 போட்டு தொடக்கக் கல்விக்கு, தனியார் பள்ளிக்குன்னு தனித்தனி டிஇஓ போட்டாங்க. மேலயும் அப்படித்தான், 2021ல இயக்குநர் இடத்துல ஐஏஎஸ் ஆணையர் வந்தாரு, சங்கங்கள் எல்லாம் துறை அனுபவம் உள்ளவரத்தான் போடணும்னு போராடுச்சு, 2023ல மறுபடி இயக்குநர் வந்தாச்சு. சென்னைல துறை தலைமை ஆபீஸ் இருக்க டிபிஐ வளாகத்துக்கு பேரு மாறுச்சு, போர்டு மாறுச்சு, எங்களுக்கு லெட்டர்ஹெட் மாத்துற வேலை. ஒவ்வொரு தடவையும் கோப்பு எந்த செக்‌ஷன்னு கண்டுபுடிக்கவே ஆறு மாசம் ஆச்சு.

சிஇஓ வில்லன் இல்ல, அவ்வளவுதான் சொல்ல வந்தேன். அவருக்கும் மேல ஒரு மைக்கு இருக்கு.


பழைய_கரும்பலகை எழுதியது:

அ3 தம்பி சொல்றது அத்தனையும் சரி. ஆனா அவருக்கு மேல மைக்கு இருக்குன்னு கீழ இருக்கவன நிக்க வெக்கலாமா? அத மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன்.

அப்புறம் ஒரு வேடிக்கை. 2017ல பசங்களுக்கு மாநில ரேங்க் போடுறது நிறுத்தியாச்சு, மனசு பாதிக்குதுன்னு. நல்ல முடிவு, கை தட்டுனேன். ஆனா மாவட்ட ரேங்க் இன்னும் இருக்கு. ரிசல்ட் அன்னிக்கு பேப்பர பாருங்க, 2025ல பிளஸ் டூவுல அரியலூர் 98.82 முதலிடம், பத்தாவதுல சிவகங்கை 98.31 முதலிடம். முன்னெல்லாம் பிளஸ் டூன்னா வருசா வருசம் விருதுநகர்தான், அந்த மாவட்டத்துக்கு மாறுதல்ல போற சிஇஓவுக்கு தூக்கம் வராதும்பாங்க, ஏன்னா அங்க போய் செய்றதுக்கு ஒண்ணும் இல்ல, இறங்காம பாத்துக்கிறது மட்டும்தான் வேலை. பிளஸ் டூ மாநில சராசரியே 95.03. இதுல ஒரு பாயிண்டு ஏறுறதும் இறங்குறதும் என்ன சொல்லும்? ஒரு சிஇஓவோட தெறமையயா? அந்த வருச கணக்கு பேப்பர் ஈசியா கஷ்டமான்னு வேணா சொல்லும்.


அட்லாண்டாவாசி எழுதியது:

நான் ஊர்ல படிச்சது அரசு உதவி பெறும் பள்ளி, இப்ப பதினாறு வருசமா அட்லாண்டா பக்கம் இருக்கேன். கரும்பலகை சார் எழுதுன அந்த எந்திரிச்சு நிக்கிற மீட்டிங் படிச்ச உடனே இங்க நடந்த ஒண்ணு ஞாபகம் வந்துச்சு, நான் வந்த புதுசுல ஊரே அதப் பத்திதான் பேசிக்கிட்டு இருந்துச்சு.

இங்க சிட்டி பப்ளிக் ஸ்கூல் எல்லாத்துக்கும் தலைவரா சூப்பரின்டென்டென்ட்னு ஒருத்தர் இருப்பாங்க. பெவர்லி ஹால்னு ஒரு அம்மா 1999ல இருந்து இருந்தாங்க. ஏழைப் பசங்க படிக்கிற ஸ்கூல்ல கூட மார்க் ஏறிக்கிட்டே போச்சு. நாட்டுலயே சிறந்த சூப்பரின்டென்டென்ட்னு 2009ல விருது. மார்க் டார்கெட்டோட கோத்து போனஸ் வேற, அவங்க காலம் மொத்தத்துக்கும் 5 லட்சம் டாலருக்கு மேல. அப்புறம் இங்க உள்ள பேப்பர்காரங்க இந்த ஸ்கோர் எல்லாம் நம்புற மாதிரி இல்லையேன்னு நோண்ட ஆரம்பிச்சாங்க. மாநில அரசு விடைத்தாள்ல அழிச்சு மாத்துன இடத்த எண்ணிப் பாத்துச்சு, தப்பான பதிலு சரியான பதிலா மாறுனது சில கிளாஸ்ல கணக்குக்கே அடங்காத அளவுக்கு இருந்துச்சு. 2011 ஜூலைல விசாரணை ரிப்போர்ட் வந்துச்சு. 56 ஸ்கூல்ல ஆராஞ்சதுல 44ல மோசடி, 178 டீச்சர், பிரின்சிபல் பேரு. பசங்க போன பிறகு வாத்தியாருங்களே உக்காந்து அழிச்சு மாத்தியிருக்காங்க. 2013ல 35 பேர் மேல கேஸ், அந்த அம்மாவும் அதுல ஒருத்தர், உடம்பு சரியில்லாம விசாரணைக்கு வராமலே 2015ல இறந்துட்டாங்க. தனக்கு எதுவும் தெரியாதுன்னுதான் கடைசி வரைக்கும் சொன்னாங்க. மத்தவங்கள்ல 11 பேர் குற்றவாளின்னு தீர்ப்பு.

அந்த ரிப்போர்ட்ல ஒரு விஷயம் படிச்சப்ப எனக்கு சிரிப்பும் வந்துச்சு, ஒரு மாதிரியும் ஆச்சு. வருசா வருசம் ஜார்ஜியா டோம் ஸ்டேடியத்துல எல்லா ஸ்கூல் ஸ்டாஃபையும் கூட்டி ஒரு விழா நடத்துவாங்க. டார்கெட் தொட்ட ஸ்கூலுக்கு கீழ தரையில மேடைக்குப் பக்கத்துல இடம், தொடாத ஸ்கூல் எல்லாம் மேல கேலரில. யாரும் திட்டல, சீட்டு மட்டும்தான் மாத்திப் போட்டாங்க. பாதிக்கப்பட்ட பசங்கள யாரு கணக்கெடுத்தா? வாசிக்கத் தெரியாத பையனுக்கு பாஸ் மார்க் இருந்ததால அவனுக்கு கெடைக்க வேண்டிய ஸ்பெஷல் உதவி கெடைக்கலன்னும் பேசுனாங்க.

நம்ம ஊர்லயும் இதேதான்னு நான் சொல்லல. ஆனா சாக்பீஸ் சார் சொன்ன பத்தே முக்கால் மணி 99 சதவீதம் இருக்கு பாருங்க, அத படிச்சதும் அந்த ரப்பர்தான் ஞாபகம் வந்துச்சு.


ஆல்இன்ஆல் எழுதியது:

சரி சரி மட்டைன்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா குட்டை குட்டைதான்.


தையல்மெஷின் எழுதியது:

அய்யோ இவ்வளவு பேர் எழுதுவீங்கன்னு நெனைக்கல, ராத்திரி உக்காந்து ரெண்டு தடவ படிச்சேன். அ3 சார், அவரு நெலமை எனக்குப் புரியிது, நான் அவர திட்டல. ஆனா எங்க பாத்ரூம் தண்ணி எட்டு மாசமா எந்த டேஷ்போர்டுலயும் செவப்பா வரலையேன்னுதான் எனக்கு. எமிஸ்ல அதுக்கும் ஒரு கட்டம் இருக்குமாம்ல, கழிப்பறை வசதி உள்ளது இல்லைன்னு. கேட்டேன், உள்ளதுன்னுதான் போட்டிருக்காங்க. கட்டடம் இருக்குல்ல. தண்ணி வருதான்னு கேள்வி இல்லையாம்.

கரும்பலகை ஐயா, என்னைய மாதிரி ஆளு ஸ்கூல்ல ஒரே ஒரு விஷயம் கேக்கணும்னா என்ன கேக்குறது? இங்கிலீசு வார்த்தைலாம் போட்டு கேட்டா என்னைய ஏமாத்திருவாங்க, எளிமையா சொல்லுங்க.


பழைய_கரும்பலகை எழுதியது:

ரிசல்ட் கேக்காதீங்கம்மா. போன வருசம் ஒம்பதாவதுல எத்தன பேரு, இப்ப பத்தாவதுல எத்தன பேரு, கொறஞ்ச பேரு எல்லாம் எங்க. இதக் கேளுங்க. தலைவர்ங்கிற முறையில கேக்கலாம், உங்க ஹெச்எம் கோவிச்சுக்க மாட்டாரு, அவரும் மனசுக்குள்ள யாராவது கேட்டா நல்லா இருக்கும்னுதான் இருப்பாரு. கேட்டத கூட்ட நடவடிக்கைப் பதிவேட்டுல எழுத வைங்க. அது முக்கியம், எழுதாதது நடக்காதது.


அ3_செக்‌ஷன் எழுதியது:

பெயர்ப் பட்டியலா கேளுங்க, எண்ணிக்கையா கேட்டா எண்ணிக்கைதான் வரும். டிசி குடுத்திருந்தா எந்த ஸ்கூலுக்குன்னு எமிஸ்ல தெரியும், வேற ஸ்கூல்ல சேந்திருந்தா அந்த ஸ்கூல் காட்டும், எங்கயும் சேரலைன்னா பொது தொகுப்புல கெடக்கும், காமன் பூல்னு சொல்வோம். அங்க கெடக்குற பேருதான் நீங்க பாக்க வேண்டியது. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.


தையல்மெஷின் எழுதியது:

பன்னெண்டு நாள் கழிச்சு எழுதுறேன், மன்னிச்சுக்கங்க, தீபாவளி துணி தைக்கிற வேலை.

கூட்டத்துல கேட்டேன். ஹெச்எம் சார் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் கிளர்க்க கூப்புட்டு எடுக்கச் சொன்னாரு. போன வருசம் ஒம்பதாவது 84 பேரு, இப்ப பத்தாவது 71. பதிமூணுல அஞ்சு பேரு வேற ஸ்கூலு, கண்ணால காட்டுனாங்க. மிச்சம் எட்டு பேரு அ3 சார் சொன்ன அந்த தொகுப்புலதான் இருக்கு. பேரு எழுதி வாங்கிட்டேன். அதுல ரெண்டு புள்ளைங்க எங்க தெருவுக்கு அடுத்த தெரு, ஒருத்தன் மெக்கானிக் கடைல நிக்கிறான், தெனம் பாக்குறேன், ஸ்கூல் விட்டு வந்து நிக்கிறான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். இன்னொரு பொண்ணு என்கிட்டயே அளவு ஜாக்கெட்டு குடுத்துருக்கு, நல்ல காரியம் எதுவும் இருக்கான்னு கேக்க எனக்கு பயமா இருக்கு.

ஹெச்எம் சார் சொன்னாரு, நீங்க போய் பேசி கூட்டிட்டு வந்தா நான் சேத்துக்கிறேன், ரிசல்ட் எறங்குனா எறங்கட்டும்னு. மீட்டிங்ல எந்திரிச்சு நிக்கப் போறது நீங்கதானே சார்ன்னேன். சிரிச்சாரு.

ஞாயித்துக்கிழமை ரெண்டு வீட்டுக்கும் போறேன்.


சாக்பீஸ்_தூசி எழுதியது:

மேடம் ஞாயித்துக்கிழமை வரைக்கும் வெயிட் பண்ணாதீங்க, பத்தாவது நாமினல் ரோல், அதான் பரிட்சை எழுதுறவங்க பட்டியல், ஏத்துற தேதி வந்துரும். பேரு அதுல ஏறலைன்னா இந்த வருசம் ஸ்கூல் மூலமா எழுத முடியாது. முடிஞ்சா நாளைக்கே போங்க. அந்தப் பொண்ணு வீட்டுக்கு மொதல்ல.